இரண்டு பேர் மீன்பிடி கயாக்: வாங்கும் முன் வரும் கேள்விகளும் பதில்களும்

கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போய்க் கழிமுகத்திலும் ஏரியிலும் தூண்டில் போடுகிறவர்களுக்காக எழுதியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்து நீர்நிலைகளை வைத்தே வரும். வேறு ஊர்க்காரர்கள் காற்றையும் அலையையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் உட்காரும் கயாக்கே வாங்க வேண்டுமா? ஆளுக்கு ஒன்றாக இரண்டு வாங்கினால் என்ன?

கூட வரப்போவது யார் என்பதைப் பொறுத்தது. பிள்ளையோ, துடுப்பு பிடித்துப் பழகாத மனைவியோ கணவரோ, நீச்சல் தெரிந்தும் தண்ணீரில் தனியாக விட மனம் வராத அப்பாவோ என்றால் ஒரே படகுதான் சரி. இரண்டு பேருமே தூண்டில் பைத்தியங்கள் என்றால் ஆளுக்கு ஒரு படகு என்பதே என் கருத்து. ஒரே படகில் ஒருவர் கொடுவா மீனைத் தேடிச் சதுப்புநில ஓரமாகப் போக நினைப்பார், மற்றவர் நடு ஓடையில் நங்கூரம் போட நினைப்பார். நட்பு கெட வேறு காரணம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து துடுப்பு போட்டால், தனிப் படகுகளை விட வேகமாகவும் களைப்பில்லாமலும் போகலாம். உந்தும் கைகள் இரட்டிப்பாகின்றன, ஆனால் தண்ணீரில் உரசும் அடிப்பாகம் இரட்டிப்பாவதில்லை.

மேலே உட்காரும் வகையா, உள்ளே உட்காரும் வகையா?

மீன்பிடிக்க மேலே உட்காரும் வகைதான், குறிப்பாக நம் வெயிலுக்கு. மூடிய வெற்று உடலின் மேல் உட்காருகிறீர்கள். மேலே ஏறும் தண்ணீர், படகை ஊடுருவிச் செல்லும் வடிகால் துளைகள் வழியே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும், நடு ஏரியில் அதை இறைத்து வெளியேற்றுவது பெரும்பாடு. 1970களில் கலிபோர்னியாவில் இந்த மேலே உட்காரும் வகை புதுமையாக வந்தது. நம் கட்டுமரம் அதே வேலையைப் பல தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கிறது. ஏறிய தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே தானாக இறங்கும், இறைக்க வேண்டியதில்லை.

நீளம் 12 அடியா, 14 அடியா?

வேகத்துக்காக நீளம் வாங்குகிறேன் என்று சொல்பவர்கள் கணக்கைப் பார்ப்பது நல்லது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகுக்கும் ஒரு வேக உச்சம் உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த உச்சம் ‘நாட்’ (knot) என்ற கடல்வேக அலகில் கிடைக்கும். 12 அடிக்கு மணிக்குச் சுமார் 8.6 கிலோமீட்டர், 14 அடிக்கு 9.3. தூண்டிலும் ஐஸ் பெட்டியும் வைத்துக்கொண்டு நாம் போவது 4 முதல் 6 கிலோமீட்டர் வேகத்தில்தான். உச்சத்தை எட்டாதவர்களுக்கு அந்த 0.7 கிலோமீட்டரால் பயன் இல்லை.

நீளத்தின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: நேராக ஓடும், இரண்டு இருக்கைகளுக்கும் இடையே இடம் கிடைக்கும். நஷ்டம், குறுகிய ஓடையில் திரும்பாது, அடுக்குமாடி வீட்டில் வைக்க இடம் இருக்காது. இரண்டு பெரியவர்களுக்கு 13 அடி சுற்றுவட்டாரம் நடுவழி. பெரியவரும் பிள்ளையும் என்றால் 12 போதும்.

அகலம்?

காசு கொடுக்கும் முன் அதிக நேரம் யோசிக்க வேண்டியது இதைத்தான். படகின் நிலைப்புத்தன்மை நீளத்தோடு நேராகத்தான் கூடும், அகலத்தோடோ மூன்றாம் அடுக்கில் கூடும். 34 அங்குலப் படகை 36 ஆக்கினால் அகலம் 6 சதவீதம்தான் கூடுகிறது. தள்ளாடாமல் நிற்கும் தன்மை கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடிவிடுகிறது. கடைக்காரர் "ரெண்டு இஞ்ச்தான் சார் வித்தியாசம்" என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

சந்தையின் இரு முனைகளை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஹோபி ஒயாசிஸ் 14 அடி 6 அங்குல நீளம், 33 அங்குல அகலம், காலால் மிதிக்கும் படகு. நூகனூ ஃபிரான்டியர் 12 என்பது 12 அடி நீளம், 41 அங்குல அகலம். இரண்டிலும் இரண்டு பேர் உட்காரலாம். ஒரே சுமையை ஏற்றினால், தோராயக் கணக்கில் இரண்டாவது படகுக்கு முதலாவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான நிலைப்பு. முதலாவது தூரம் போவதற்குப் பிறந்தது, இரண்டாவது ஒரே இடத்தில் ஆற அமர மீன்பிடிப்பதற்கு. இரண்டையும் ஒரே படகில் தருகிறேன் என்று எந்த விளம்பரமாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அகலத்துக்கு நாம் கொடுக்கும் விலை மூன்று. தண்ணீரைத் தள்ள அதிக உழைப்பு வேண்டும். துடுப்பு நீளமாக வேண்டும்; 34 அங்குலத்துக்கு மேல் போனால் 250 சென்டிமீட்டருக்குக் குறைந்த துடுப்பு படகின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: எளிதில் கவிழாத படகு, கவிழ்ந்துவிட்டால் எளிதில் நிமிராது. தலைகீழாகக் கிடப்பதும் அதற்கு நிலையான இருப்புதானே.

கழிமுகத்துக்கும் ஏரிக்கும் 34 முதல் 36 அங்குலம் என்பது என் தேர்வு.

அடிப்பாகத்தின் வடிவம் பற்றி நிறையப் படித்தேன், குழம்பிவிட்டேன்.

குழம்ப வேண்டாம். தட்டையான அடி உட்கார்ந்த உடன் ஆடாது, ஆனால் ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் எச்சரிக்கை இல்லாமல் புரட்டிவிடும். லேசான வளைவோ, நடுவில் கூர்ப்போ உள்ள அடி முதலில் ஆடுவது போலத் தோன்றும், சாய்ந்த பிறகு பிடித்து நிறுத்தும். இருபுறமும் புடைத்து நடுவில் சுரங்கம் போல் பள்ளம் உள்ள அடியில் நிற்க வசதி, வேகம் குறைவு. அமைதியான தண்ணீருக்கு எதுவானாலும் சரி. குறுக்கலை வரும் இடத்துக்குத் தட்டையானது மட்டும் வேண்டாம்.

நின்றுகொண்டு காஸ்டிங் செய்ய (தூண்டிலை வீச) முடியுமா?

ஒருவர் நிற்கலாம், மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்பது போல விளம்பரப் படங்களில் இருக்கும். அந்தத் தண்ணீரின் அமைதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

400 பவுண்டு தாங்கும் என்று போட்டிருக்கிறதே, எங்கள் இருவர் எடை அதற்குக் கீழேதான்?

400 பவுண்டு என்றால் 181 கிலோ. கணக்கைப் போடுவோம். 80 கிலோ ஆட்கள் இருவர் 160. ராடு (தூண்டில் கோல்), ரீல், லூர் (போலி இரை) பெட்டி எல்லாம் 10 முதல் 12 கிலோ. ஐஸ் பெட்டி, மீனோடு 10. குடிதண்ணீர் 4 லிட்டர். நங்கூரமும் கயிறும் 3. உயிர்காப்பு அங்கி இரண்டு, 2 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 190 ஆகிவிட்டது. சில நிறுவனங்களின் கணக்கில் கழற்றி மாட்டும் இருக்கைகளின் எடையும் சுமையில்தான் சேரும்.

அச்சிட்டிருக்கும் எண் படகு மிதக்கும் எல்லை, நன்றாக ஓடும் எல்லை அல்ல. எல்லையை நெருங்கும்போது படகு அமிழ்ந்து, வடிகால் துளைகள் வழியே தண்ணீர் மேலே வந்து இருக்கை நனையும். துளைகளை அடைப்பான் போட்டு மூடினால் உட்காரும் இடம் காயும், ஆனால் மேலே ஏறிய அலை இறங்க வழி இருக்காது. உங்கள் முழுச் சுமை, அச்சிட்ட எண்ணில் 70 சதவீதத்துக்குள் இருக்கும்படி பாருங்கள். மேலே சொன்ன 190 கிலோவுக்கு, 270 கிலோ தாங்கும் படகு வேண்டும். 12 அடி, 34 அங்குலம், 26 கிலோ எடை என்று உலகெங்கும் விற்ற ஓஷன் கயாக் மாலிபு டூ அருமையான குடும்பப் படகு, ஆனால் அதன் எல்லையே ஏறக்குறைய 190 கிலோதான். இரண்டு பருமனான ஆட்களின் மீன்பிடிச் சுமைக்கு அது உரியதல்ல.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூண்டில் வீசினால் சிக்கிக்கொள்ளாதா?

சிக்கும். நூல் சிக்கினால் பரவாயில்லை, கொக்கி முன்னால் இருப்பவரின் காதில் சிக்குவதுதான் கவலை. கடையில் படகைப் பார்க்கும்போது நீள அகலம் கேட்கிறவர்கள்கூட இருக்கைகளின் இடைவெளியை அளப்பதில்லை. டேப்பை எடுத்துப் போங்கள். ஓர் இருக்கையின் முதுகுச் சாய்விலிருந்து மற்றதன் சாய்வு வரை நாலடிக்குக் குறைவாக இருந்தால், துடுப்பும் இடிக்கும், ராடும் இடிக்கும், பின்னால் இருப்பவரின் கால்களுக்கு இடையே முன்னவரின் முதுகு இருக்கும். ஐந்தடி கிடைத்தால் நிம்மதி.

இடைவெளி எவ்வளவு இருந்தாலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முன்னால் இருப்பவருக்குப் படகின் முன் அரைவட்டம், பின்னால் இருப்பவருக்குப் பக்கவாட்டும் பின்புறமும். தலைக்கு மேல் சுழற்றி வீசும் பழக்கத்தை விட்டு, பக்கவாட்டில் தாழ்வாக வீசப் பழகுங்கள். வீசும் முன் "போடுறேன்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ராடு ஆறடி, ஆறரை அடி போதும், கரையில் பயன்படுத்தும் ஒன்பதடி ராடை வீட்டில் வையுங்கள். லூரை இழுத்துக்கொண்டே போவதானால் ஆளுக்கொரு பக்கம், ஒருவர் நூல் நீளமாக, மற்றவர் குட்டையாக.

யார் முன்னால், யார் பின்னால்?

எடை கூடியவர், படகு பழகியவர் பின்னால். முன்பக்கம் பாரமானால் முனை அலைக்குள் குத்தும், படகு நேராக ஓடாது. துடுப்பின் தாளத்தை முன்னவர் போடட்டும், பின்னவர் அவரைப் பார்த்து ஒத்துப் போடட்டும். பின்னவரால் முன்னவரைப் பார்க்க முடியும், முன்னவருக்கு முதுகில் கண் இல்லை. பிள்ளைகள் எப்போதும் முன்னால்தான், கண் பார்வையிலேயே இருப்பார்கள்.

கூட வருபவர் வராத நாளில் தனியாக எடுத்துப் போக முடியுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் வாங்கிய பிறகு கேட்கிறார்கள். வார இறுதிதோறும் கூட வருவேன் என்று சத்தியம் செய்தவருக்குக் கல்யாணம், காதுகுத்து, தலைவலி எல்லாம் வரும். ஆகவே வாங்கும்போதே, இருக்கையை நடுவுக்கு நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். மாலிபு டூ போன்றவற்றில் நடுவில் உட்காரவும் இடம் வார்த்திருப்பார்கள், சிலவற்றில் தண்டவாளம் போன்ற பட்டையில் இருக்கை நகரும்.

நடு இருக்கை இல்லாத படகில் தனியாகப் பின்னால் உட்கார்ந்தால் முன்முனை தூக்கிக்கொள்ளும். தூக்கிய முனையைக் காற்று பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும், அன்று முழுக்க நீங்கள் மீனோடு அல்ல, காற்றோடு மல்லுக்கட்டுவீர்கள். முன்னால் தண்ணீர் நிரப்பிய கேனைக் கட்டி வைத்துச் சமாளிக்கலாம்.

துடுப்பா, பெடலா, மோட்டாரா?

பெடல் இருந்தால் கை சும்மா இருக்கும், அதுதான் மீன்பிடிப்பவருக்கு வரம். ஹோபி நிறுவனம் 1997இல் மிரேஜ் டிரைவ் என்ற துடுப்புச்சிறகு அமைப்பைக் கொண்டுவந்த பிறகு இது பரவியது. அதில் இரண்டு சிறகுகள் படகின் அடியில் இடமும் வலமும் வீசும். ஆழமில்லாத இடத்தில் அவற்றை அடிப்பாகத்தோடு ஒட்டி மடக்கலாம். சிறகுக்குப் பதில் விசிறி (புரொப்பெல்லர்) சுற்றும் பெடல் வகையில் பின்னோக்கி மிதித்தால் உடனே பின்னால் போகும், பெரிய மீன் வேருக்குள் இழுக்கும்போது அது உதவும். ஆனால் விசிறி ஆழம் கேட்கும்.

நம் கழிமுகங்களில் பாசியும் வலையும் அதிகம், ஆழம் பல இடங்களில் முழங்கால் அளவுதான். அங்கே பெடலைத் தூக்கி வைத்துவிட்டுத் துடுப்பைத்தான் எடுப்பீர்கள். பெடல் கயாக் விலையும் எடையும் கூடியது, உப்புத்தண்ணீருக்குப் பிறகு நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும். முதல் படகுக்குத் துடுப்பே போதும் என்பேன்.

மின்மோட்டார் வேண்டுமென்றால் பேட்டரியின் எடையை முதலில் கேளுங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி 25 கிலோவுக்கு மேல், அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதில் பாதி இருக்கும். மோட்டார் பொருத்தினால் சில நீர்நிலைகளில் விதிகளும் மாறும்.

பிளாஸ்டிக் படகு வெயிலில் தாங்குமா?

பெரும்பாலான மீன்பிடி கயாக்குகள் பாலிஎத்திலீன் பொடியை அச்சில் போட்டு, சூளையில் சுழற்றி வார்த்தவை. உங்கள் மொட்டைமாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியும் அதே முறையில் செய்ததுதான். தொட்டி மாடியில் எத்தனை வெயிலைத் தாங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள். பாறையில் உரசினாலும் கீறல்தான் விழும், உடையாது. ஆனால் கனம் கூடியது. இரண்டு பேர் படகு 25 முதல் 45 கிலோ வரை போகும். கார் கூரையில் இறுக்கிக் கட்டி நாள் முழுக்க வெயிலில் விட்டால் அடிப்பாகம் பள்ளம் விழும். பட்டையைத் தளர்த்தி வெயிலில் வைத்தாலே பல நேரம் பள்ளம் தானாக எழும்பிவிடும். வைப்பது நிழலில், பக்கவாட்டிலோ கவிழ்த்தோ.

உள்ளூர் ஃபைபர் பட்டறையில் செய்து வாங்க முடிந்தால் எடை குறையும், பழுதும் எளிதில் பார்க்கலாம். அப்படிச் செய்யும்போது ஒரே கேள்வி: ஓட்டை விழுந்தாலும் மிதக்க, உள்ளே மூடிய அறைகளோ நுரைக்கட்டியோ இருக்கிறதா?

காற்று ஊதும் கயாக்கை மீன் கொக்கி கிழித்துவிடாதா?

தடித்த பிவிசியைக் கொக்கி லேசில் கிழிக்காது. கெளுத்தியின் முள்ளும் கொடுவாவின் செவுள் ஓரமும் அதைவிட ஆபத்து, மீனை ஏற்ற இடத்தில் ஒரு பாயோ தட்டோ போடுங்கள். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 மாதிரி மலிவான வகை குளத்துக்குச் சரி. அடித்தளம் மட்டும் உயர் அழுத்தத்தில் பலகை போல விறைக்கும் வகை, விலை கூடினாலும், தள்ளாட்டம் குறைவு. டெகாத்லான் கடைகளில் இரண்டு பேர் வகைகள் கிடைக்கின்றன.

மூன்றாம் மாடி வீடும் ஹேட்ச்பேக் காரும் உள்ளவருக்கு இதுவே வழி. குறை என்னவென்றால் தண்ணீருக்கு மேல் உயர்ந்து மிதப்பதால் காற்று அடித்துக்கொண்டு போகும். நண்பகலில் கரையில் ஏற்றி வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரியும், கொஞ்சம் இறக்கிவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும்.

காரில் எப்படி ஏற்றுவது?

படகின் நீள அகலத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அதைத் தூக்குகிற நாளை மறந்துவிடுகிறார்கள். பல சிறிய கார்களின் கூரை 50 முதல் 75 கிலோ தாங்கும், ரேக்கின் எடையும் அதில் அடக்கம். காரோடு வந்த கையேட்டில் பாருங்கள். 40 கிலோ படகை இருவர் தூக்கலாம். தனியாக என்றால் முன்முனையைப் பின்பக்க ரேக்கில் சாய்த்துவிட்டு, பிறகு பின்னாலிருந்து தள்ள வேண்டும். கடற்கரை மணலில் இழுக்க அகலமான பலூன் சக்கரம் வேண்டும், சாதாரணச் சக்கரம் புதையும். கடையிலேயே நண்பரோடு தூக்கி ஐம்பதடி நடந்து பாருங்கள். அங்கே மூச்சு வாங்கினால் வாங்காதீர்கள்.

நங்கூரம் எங்கே கட்டுவது?

முன்முனையில் அல்லது பின்முனையில். ஒருபோதும் பக்கவாட்டில் கட்டக் கூடாது. முகத்துவாரத்தருகே ஓதம் இறங்கும்போது இழுப்பு பலமாக இருக்கும், பக்கவாட்டில் கட்டிய படகைக் கயிறே கீழே இழுத்துக் கவிழ்க்கும். கயிற்றை அறுக்கக் கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கட்டும்.

கவிழ்ந்தால்?

கவிழ்வதற்கு முன்பே, மார்பளவுத் தண்ணீரில், இருவரும் சேர்ந்து வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். ஒருவர் கவிழ்ந்த அடிப்பாகத்தின் மேல் முழங்காலிட்டு, எதிர்ப்பக்கத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். பிறகு ஒருவர் ஒரு பக்கம் விளிம்பில் தொங்க, மற்றவர் எதிர்ப்பக்கமாக வயிற்றால் ஏறிப் படுத்து, அதற்குப் பிறகுதான் உட்கார வேண்டும். இரண்டு பேர் படகில் இது தனிப் படகை விட எளிது. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் இருப்பது கணக்கில் சேராது. புறப்படும் முன் வடிகால் திருகையும் மூடிகளையும் பாருங்கள். மேலே உட்காரும் படகில் உள்ளே கசியும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. படகு மந்தமாகி ஆடத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

எங்கே, எப்போது போகலாம்?

முதலில் கழிமுகம், ஏரி. அலை உடையும் கரையில் சுமை ஏற்றிய இரண்டு பேர் படகைக் கடலுக்குத் தள்ளுவது தனி வித்தை, அதைப் பிறகு பழகலாம். கோடையில் சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி எழும், விடிகாலையில் போய் அதற்கு முன் திரும்புவது வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல் தெரியும், ஆனால் படகைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோகும் காற்று அதுதான். கன்னியாகுமரிப் பக்கம் போகிறவர்கள் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் கள்ளக்கடல் (உள்ளூர்க் காற்றில்லாமலே திடீரெனப் பொங்கி வரும் அலை) எச்சரிக்கையைப் பாருங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. அதனால் கயாக்குக்கு எங்கும் அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழவேற்காட்டில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அங்குள்ள மீனவர்களிடம் பாடு என்ற முறையும் உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். காலியாகத் தெரியும் தண்ணீர் அன்றைக்கு ஒருவருடைய பிழைப்பு. எந்த ஊரானாலும் இறங்கும் முன் கரையில் இருப்பவரிடம் "அண்ணே, இந்தப் பக்கம் வலை கெடக்கா?" என்று கேளுங்கள். மீன் எங்கே நிற்கிறது என்பதும் பல நேரம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

பழைய படகு வாங்கலாமா?

தாராளமாக. வடிகால் துளைகளின் உள்சுவரிலும், சக்கரம் மாட்டும் இடத்திலும், பின்முனையின் அடியிலும் விரிசல் பாருங்கள். உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மூடிவிட்டு, சாய்த்துச் சாய்த்து எங்கே சொட்டுகிறது என்று கவனியுங்கள். பாலிஎத்திலீனில் பசை ஒட்டாது, பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பசை அப்பிய தடம் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

என்ன நிறம்?

மஞ்சள் அல்லது ஆரஞ்சு. மீனுக்குக் கவலை இல்லை, எதிரே வரும் ஃபைபர் படகுக்காரர் கண்ணில் பட வேண்டும்.